வெள்ளிக்கிழமை எண்ணெய்த் தலைகள்

கடற்கரைச் சாலையில் இருந்த அந்த நீச்சல் குளத்தைப் பற்றிப் பத்திரிகையில் வந்திருந்தது. நான் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும் என்று மருமகளே படித்துக் காட்டினாள். எவ்வளவு நீளம், எவ்வளவு ஆழம், குதிக்கிற பலகை எவ்வளவு உயரம், எல்லாம் இருந்தது. கடைசியில் ஒரு வரி: பெண்களுக்கும் தனி நேரம் உண்டு. யாரோ தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்த மாதிரி எழுதியிருக்கிறார்கள். கொடுத்தவனை எனக்குத் தெரியாது. பிடுங்கப் பார்த்தவனைத் தெரியும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் அங்கே பெண்கள் பக்கத்து வாசலில் வேலை பார்த்தேன். நொச்சிக்குப்பத்திலிருந்து நடந்தே போய்விடுவேன். பெண்கள் நீந்துகிற நேரத்தில் ஆண் வாடை அந்தப் பக்கம் படக் கூடாது, காவலுக்கு ஒரு பெண் வேண்டும் என்றுதான் என்னை வைத்தார்கள். அந்த நேரம் இல்லையென்றால் எனக்கும் அங்கே வேலை இல்லை.

குளம் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஒரு பக்கம் இடுப்பளவு, மறுபக்கம் ஆளை முழுங்குகிற ஆழம். பிடித்துக்கொள்ள ஓரமாகக் கம்பி. உடை மாற்ற ஆண்களுக்கு வரிசையாக அறைகள், பெண்களுக்குத் தாழ்ப்பாள் சரியாக விழாத இரண்டே இரண்டு. இறங்குவதற்கு முன்னால் ஷவரில் நனைய வேண்டும், பிளீச்சிங் பவுடர் கரைத்த தொட்டியில் கால் வைக்க வேண்டும். தலையில் எண்ணெய் இருந்தால் உள்ளே விடக் கூடாது. அது சட்டம்.

பெண்களுக்கு ஒதுக்கியது செவ்வாயும் வெள்ளியும், காலை நேரம். செவ்வாய், வெள்ளி பெண்கள் எண்ணெய் தேய்த்துத் தலை முழுகுகிற நாள் என்று தெருவில் போகிற குழந்தைக்கும் தெரியும். அந்தக் கிழமைகளைப் பார்த்து ஒதுக்கிய மகராசனுக்குத் தெரியவில்லை. அவன் வீட்டுப் பெண்கள் தலை முழுகுவதே இல்லையோ என்னவோ.

அந்த வருடங்களில் மழையும் சரியில்லை. மயிலாப்பூர்க் கிணறுகளில் வாளி தரையைத் தட்டியது. படித்த பெண்கள் யோசனை பண்ணினார்கள். வீட்டில் எண்ணெயைத் தேய்த்துக் கொண்டையாக முடிந்து, சீயக்காய்த் தூள் டப்பாவோடு பஸ் ஏறி வந்துவிட்டார்கள். ஷவர் மடையில் சீயக்காய்ச் சக்கை அடைத்துக்கொள்ளும். குச்சி விட்டுக் குத்துகிறவள் நான். பாதித் தலையை அலசிவிட்டு, நேரமாகிவிட்டது என்று அப்படியே குளத்தில் இறங்குவார்கள். வெயில் ஏறினால் தண்ணீர் மேல் எண்ணெய் பளபளக்கும். அவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாசலிலேயே ஒவ்வொரு தலையாக மோந்து பார்க்க ஆரம்பித்தேன்.

மயிலாப்பூர் மாமி ஒருத்தி இருந்தாள். வாரம் தவறாமல் அவளோடு சண்டை.

“மாமி, தலையில எண்ணெ கீது. எறங்கக் கூடாது.”

“ஆத்துல கெணறு வத்திடுத்துடி. இங்க அலசிக்கலாம்னுதானே வந்திருக்கேன். உனக்கென்ன, உன் ஆத்து ஜலமா?”

“என் ஊட்டுத் தண்ணி இல்ல. உங்க ஊட்டுதும் இல்ல.”

“ரொம்பத்தான் வாய் உனக்கு.”

“அதுக்குத்தான் மாமி என்னை இங்க நிக்க வெச்சிக்கிறாங்க.”

இந்தச் சமயத்தில் குளத்துச் சூப்பிரண்டு என்னைக் கூப்பிட்டார். மாலையில் பயிற்சிக்கு வருகிற ஆண்கள் செவ்வாய், வெள்ளி காலையிலும் இடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவருக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

“பொம்பளைங்களால தண்ணியே கெட்டுப்போச்சு. அடுத்த மாசத்துலேருந்து லேடீஸ் டைம் கேன்சல். நீ வேற எடம் பாத்துக்க.”

“ஆம்பளைங்க எண்ணெ தேச்சிக்க மாட்டாங்களா சார்?”

“அவங்கள்லாம் டீசன்ட்டா வர்றவங்க,” என்றார்.

அந்த வார்த்தையை நான் முழுங்கவில்லை. சனிக்கிழமை எனக்கு வேலையில்லாத நாள், ஆண்களுக்கு எண்ணெய் நாள். நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு ஆண்கள் வாசலில் போய் நின்றேன். வரிசையில் முதல் ஆள் தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த தெற்கத்தி முதலாளி. எண்ணெய் காது வரைக்கும் வழிந்துகொண்டிருந்தது.

“கொஞ்சம் குனிங்க மொதலாளி, தலைய மோந்து பாக்கணும்.”

“என்னது?”

“எண்ணெ கீதான்னு பாக்கணும். சட்டம்.”

“சனிக்கிழமையும் அதுவுமா எண்ணெய் தேய்க்காம என்னத்தத் தேய்க்கச் சொல்லுதே? மண்ணையா?”

பின்னால் ஒருவன் சிரித்தான். “என் தலைய என் பொண்டாட்டிகூட மோந்து பாத்ததில்ல மச்சி.”

“பாத்திருந்தா கட்டியிருக்கவே மாட்டா,” என்றேன். வரிசை முழுக்கச் சிரித்தது, அவனைத் தவிர.

சத்தம் கேட்டுச் சூப்பிரண்டு வந்தார். “ஏய், இங்க இன்னா பண்ற நீ?”

“டீசன்ட்டா வர்றவங்களப் பாத்துக்கினு கீறேன் சார். மொதலாளி, நீங்க சனிக்கெழம எண்ணெ தேய்ப்பீங்களான்னு சாருக்குச் சந்தேகம். சொல்லுங்க.”

“இதுல என்ன சந்தேகம்? எங்க அப்பா காலத்துலேருந்து தேய்க்கோம். வீட்டுப் பொம்பளையளும் வெள்ளிக்கிழமை தேய்ச்சிட்டுத்தான் இங்க வாராவ. அதுக்கு என்ன இப்போ?”

சூப்பிரண்டு என்னைப் பார்த்தார், பிறகு வரிசையைப் பார்த்தார். அத்தனை தலையும் வெயிலில் மின்னியது. எண்ணெய்க்காகப் பெண்களை நிறுத்தினால் இவர்களையும் நிறுத்த வேண்டும். அதை இவர்கள் முகத்துக்கு நேரே சொல்கிற ஆள் இல்லை அவர். உள்ளே போய்விட்டார்.

பெண்கள் நேரம் போகவில்லை. எண்ணெய் நாள் அல்லாத திங்களுக்கும் வியாழனுக்கும் மாறியது. அதோடு அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை. எனக்கொன்றும் குறைந்துவிடவில்லை. பெண்களாவது நல்ல வார்த்தை சொன்னார்களா என்றால், அதுவும் இல்லை. எண்ணெய்க் குளியலைக் கெடுத்தவள் என்று என்மேல்தான் கோபம்.

முதல் வியாழக்கிழமை அந்த மாமி வந்தாள்.

“வெள்ளிக்கிழமைய மாத்திவிட்டவ நீதானே?”

“நானேதான் மாமி. குனிங்க.”

“இன்னிக்கு வியாழக்கிழமைடி. எண்ணெய் ஏது?”

“குனிங்க.”

பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தாள். முதல் மூச்சிலேயே தெரிந்துவிட்டது, எண்ணெய் இல்லை. இருந்தாலும் சாவகாசமாக இன்னொரு தடவை மோந்து பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறந்தேன்.