பெரிய அத்தையின் மாத்திரைப் பை

ஒன்பது வயதில் எனக்கு ஒரு வியாதி இருந்தது. கண்ணில் பட்ட எழுத்தையெல்லாம் உரக்க வாசித்தாக வேண்டும். கடைப் பலகை, சார்டின் டின், பஸ்ஸின் முதுகு, எதையும் விடமாட்டேன். தமிழ்ப்பள்ளியில் மலாய்ப் பாடத்தில் முதல் மாணவி வேறு, கேட்க வேண்டுமா? தெரிந்ததைச் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருக்கும். அந்த வாயால்தான் என் அத்தையின் உயிருக்கு உலை வைக்கப் பார்த்தேன்.

அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணம் ஆகவில்லை. புக்கிட் ரோத்தானுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் எங்களோடுதான் இருந்தார். முப்பது தாண்டியும் ஊரே அவரைப் பாப்பா என்றுதான் கூப்பிட்டது. அவர் வேலை பார்த்த பிஸ்கட் கம்பெனியின் வேன் ஓட்டுநருக்குக்கூட அவர் 'பாப்பா அக்கா'தான். அதுதான் அவருடைய பெயர் என்று நான் நம்பியிருந்தேன்.

எனக்கு இன்னோர் அத்தையும் உண்டு. அப்பாவுக்கு அடுத்துப் பிறந்து, மூன்று வயதில் காய்ச்சலில் இறந்துபோன அஞ்சலை. கன்னியாகச் செத்த பிள்ளை வீட்டுச் சாமி அல்லவா? தீபாவளிக்கு முதல் நாள் அவருக்குப் படையல் வைப்போம். சின்னப் பாவாடை, நான்கு கண்ணாடி வளையல், அதிரசம், ஒரு குவளை பால். எல்லாவற்றையும் பாப்பா அத்தைதான் அடுக்கி வைப்பார். பிறகு எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு நிற்போம். "பெரிய அத்த சாப்பிடுது, சத்தம் போடாத" என்பார் அப்பா. ஒரு வருஷம் கதவில் காதை வைத்துக் கேட்டேன். உள்ளே வளையல் குலுங்கியது. காற்றுதான் என்று அம்மா சொன்னார். அன்று காற்றே இல்லை.

மாதம் ஒருமுறை பாப்பா அத்தை கோலா சிலாங்கூருக்குப் பஸ் ஏறிப் போய் மாத்திரை வாங்கி வருவார். கேட்டால் சத்து மாத்திரை என்பார். அந்தப் பைகளில் பெயர்ச் சீட்டு இருக்காது, ஒட்டியிருந்த இடத்தில் பிசுபிசுப்பு மட்டும் இருக்கும். வரும் வழியிலேயே சீட்டை உரித்துப் போட்டுவிடுவார். வலிப்பு மாத்திரை என்று கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். அது பாதிக் காரணம்தான் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

ஒரு பள்ளி விடுமுறையில், வீட்டில் ஆள் இல்லை என்று என்னையும் கூட்டிப் போனார். கிளினிக்கில் மருந்து கொடுக்கும் இடத்தில் நல்ல கூட்டம். வழக்கமாகத் திரையில் நம்பர் வருமாம், யார் என்ன மருந்து வாங்குகிறார்கள் என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. அன்று பார்த்துத் திரை கெட்டுப்போயிருந்தது. ஒலிபெருக்கியில் பெயரைச் சொல்லியே கூப்பிட்டார்கள்.

"அஞ்சலை."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊரில் எத்தனையோ அஞ்சலை இருக்கலாம். ஆனால் இரண்டாம் முறை தகப்பன் பெயரோடு கூப்பிட்டார்கள். அது என் தாத்தாவின் பெயர். யாரும் எழுந்திருக்கவில்லை. பாவாடை கட்டிய ஒரு சின்னப் பிள்ளை உள்ளே நடந்து வரும் என்று நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் முறை கூப்பிட்டபோது என் பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது. பாப்பா அத்தை எழுந்து போய்க்கொண்டிருந்தார்.

பின்னாலேயே ஓடினேன். கவுண்டரில் இருந்த இளம் மலாய்ப் பெண் பெயர் கேட்டார். "அஞ்சலை" என்றார் அத்தை. அது அவருடைய குரலாகவே இல்லை. மெல்லிசாக, பள்ளிக்கூடத்தில் முதல் நாள் பெயர் சொல்லும் பிள்ளையின் குரல் மாதிரி இருந்தது. கோயிலில் சாமி வந்து ஆடுபவர்களின் குரல் மாறுவதை நான் கேட்டிருக்கிறேன். எனக்கு முடி சிலிர்த்துக்கொண்டது.

மருந்து வாங்கும்போது பெயரைச் சரிபாருங்கள், தவறு இருந்தால் சொல்லுங்கள் என்று கண்ணாடியில் நான்கு மொழிகளில் எழுதி ஒட்டியிருந்தார்கள். அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தார். பையை என் பக்கம் திருப்பி, வாசிக்கத் தெரியுமா, பெயர் சரிதானா பார் என்றார். நல்ல மனசு, பாவம். நான் வாசித்தேன். பிறகு பாடப்புத்தக மலாயில், கூட்டம் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். பெயர் தவறு. இவர் மூன்று வயதில் இறந்துவிட்டார்.

அந்தப் பெண்ணின் சிரிப்பு கொஞ்ச நேரம் முகத்திலேயே இருந்து, பிறகு மறைந்தது. அத்தையின் ஐ.சி.யை, அடையாள அட்டையை, வாங்கினார். அட்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடியும் அட்டையைப் பார்த்தார். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கொஞ்சம் இருங்கள் என்று மருந்துப் பையோடு உள்ளே போனார். அத்தை இருக்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார். மருந்து இல்லாமலே பஸ் ஏறினோம். வீட்டில் அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. நானும் சொல்லவில்லை. அத்தைக்குள் இருப்பது யார் என்றே தெரியாதபோது என்னவென்று சொல்வது?

நான்காம் நாள் மத்தியானம் அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போயிருந்தார்கள். அத்தைக்கு அன்று வேலை இல்லை, குசினியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். திடீரென்று ஒரு மூலையைப் பார்த்தார், அங்கே யாரோ நிற்பது போல. நானும் பார்த்தேன். யாரும் இல்லை. திரும்புவதற்குள் அத்தை தரையில் கிடந்தார். கண் வெள்ளையாகி, பல் கிட்டி, கை மட்டும் சிமெண்டில் அடித்துக்கொண்டே இருந்தது. வளையல் குலுங்கியது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

செத்தவர் என்று நாலு பேர் முன்னால் சொன்னேனே, அதற்காகப் பெரிய அத்தை வந்துவிட்டார் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டுக்கு ஓடியிருக்கலாம். ஓடவில்லை. ஒரு குவளையில் பால் ஊற்றி அத்தையின் தலைமாட்டில் வைத்தேன். வெளியே வந்து கதவைச் சாத்தினேன். சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்று, சத்தம் போடாமல் நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.

சாப்பாட்டுக்கு வந்த அப்பாதான் கதவைத் திறந்தார். அத்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்து, நடந்ததையெல்லாம் என்னிடமிருந்து கறந்தார். அடிக்கவில்லை.

"இந்தா பாரு, எவனாச்சும் வந்து அத்த பேரு என்னான்னு கேட்டா, அஞ்சலைன்னு சொல்லு. பாப்பான்னு சொல்லிடாத லா."

பத்து முறை சொல்ல வைத்தார்.

விஷயம் இவ்வளவுதான். பாப்பா அத்தை தோட்டத் தொழிலாளர்களுக்கான லயத்து வீட்டில் பிறந்தவர், பிறப்பைப் பதியவில்லை. அக்காவின் சாவையும் யாரும் பதியவில்லை. பள்ளியில் பிறப்புப் பத்திரம் கேட்டபோது, கைவசம் இருந்த செத்த பிள்ளையின் பத்திரத்தைத் தாத்தா நீட்டிவிட்டார். பள்ளி, ஐ.சி., வேலை, மருந்து எல்லாம் அந்தப் பெயரில்தான். அது பறிபோனால் அத்தை யாருமே இல்லை. ஆனால் பயந்தபடி ஒன்றும் நடக்கவில்லை. அப்பா கிளினிக்குக்குப் போனபோது, கம்ப்யூட்டரில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, அன்று ஏன் போய்விட்டார் என்று கேட்டு அந்தப் பெண் பையைக் கொடுத்தாராம். பிள்ளை ஏதோ உளறியது என்று நினைத்திருப்பார்.

அத்தை வீட்டுக்கு வந்த அன்று, நாக்கு கடிபட்டுப் பேச்சு குழறியது. என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"கதவ ஏன் சாத்துன?"

"பெரிய அத்த சாப்பிடட்டும்னு."

திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ எழுந்து உட்கார்ந்து, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அது வந்துச்சா? நீ பாத்தியா? எம்மேல கோவமா இருந்துச்சா?"

நான் யாரையும் பார்க்கவில்லை. ஆனால் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாத பிள்ளை நான்.

"ஆமா அத்த. ரொம்பக் கோவமா இருந்துச்சு."

அத்தை தலையாட்டினார். "இருக்கத்தான செய்யும். பேரு அதோடது" என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இல்லை என்ற ஒரு சொல்லைக் கேட்கத்தான் அவர் என்னைக் கூப்பிட்டார் என்பது அன்று எனக்குத் தெரியவில்லை.