உப்புத்தாள் பட்ட சாட்சியம்

செங்கல்பட்டு ரயிலுக்காகச் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் நின்றிருந்தபோது, வக்கீல் நரசிம்மன் காலமான செய்தியை எங்கள் குமாஸ்தா வந்து சொன்னார். "பேப்பர்ல அந்த ஏரோப்ளேன் கேஸைப் போடுவாங்களாம்மா?" என்றும் கேட்டார். தோற்ற வழக்கை யார் போடுவார்கள்? அவரை அறிந்த உங்களுக்கு, அவரோடு ஓர் அலுவலகத்தைப் பகிர்ந்து அவதிப்பட்ட நான்தான் எழுத வேண்டியிருக்கிறது.

வல்லம் வயல்களில் பூச்சிமருந்து தெளித்த சிறு விமானம் ஒன்று விழுந்தது. விமானியும், அவருக்கு வழிகாட்ட வரப்பில் கொடி பிடித்து நின்ற விவசாயியும் இறந்தார்கள். கொடியைத் தவறாகக் காட்டியதே காரணம் என்றது விமானத்தைத் தயாரித்த கம்பெனி. ஊரும் அதையே பேசியது. விவசாயியின் மனைவி கன்னியம்மாள் எங்களிடம் வந்தார். "எங்க வூட்டுக்காரு மேல தப்பில்லன்னு ஜட்ஜி சொல்லணும் வக்கீலய்யா. தண்ணி மொள்ளப் போனாக்கூட அதையே பேசிகினு கீறாங்க." கம்பெனி மேல் வழக்குத் தொடுத்தோம்.

விமானத்தின் சுக்கானை அசைக்கும் இரும்புத்தண்டு விரிசலில் முறிந்திருந்தது. விரிசலுக்குள் துரு. விழுவதற்கு வெகுமுன்பே அது விரிசல் விட்டிருந்தது என்பதற்கு அந்தத் துருவே எங்கள் ஒரே சாட்சியம். கோர்ட் அனுமதியோடு நரசிம்மன் அதைப் பத்திரமாக வைத்திருந்தார்.

எவ்வளவு பத்திரம் என்பதை ஆயுதபூஜையன்று கண்டேன். சட்டப்புத்தகங்களுக்கு நடுவே தண்டு வெள்ளிபோல் மின்னியது. சந்தனம், குங்குமம், ஒரு முழம் கதம்பம்.

"மண்ணெண்ணெய் ஊத்தி உப்புத்தாளால தேய்ச்சேன், லலிதா. ரெண்டு உயிரை வாங்கின இரும்பு. அழுக்கோட பூஜையில வைக்கலாமா?"

"அந்த அழுக்குதான் சார் நம்ம கேஸ்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். படித்து என்ன பயன் என்று கேட்க வந்ததை நான் விழுங்கினேன்.

தீர்ப்பு நாங்கள் அஞ்சியபடியே வந்தது. விரிசல் பழையதென்று நிறுவும் வாய்ப்பை வாதி தரப்பே அழித்துவிட்டது; தயாரிப்பில் குறை நிரூபணமாகவில்லை; வழக்குத் தள்ளுபடி. கொடி பிடித்தவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

தாழ்வாரத்தில் நரசிம்மன் எதையும் மறைக்காமல் சொன்னார். கன்னியம்மாள் முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார். "பொட்டு வெச்சீங்களே, அது வுழறதுக்கு முன்னாடி வெச்சிருக்கக் கூடாதா?"

மேல்முறையீட்டுக்குக் குறிப்பெடுக்கலாம் என்றேன். அவரோ கறுப்புக் கோட்டைக்கூடக் கழற்றாமல் அந்த அம்மாளோடு வல்லத்துக்குப் பஸ் ஏறினார். வேறு வழியின்றி நானும் போனேன். டீக்கடை முன் நின்று, "தண்டுல விரிசல் இருந்தது. என் கண்ணால பார்த்தேன். அதைத் தேய்ச்சு அழிச்சவன் நான். கேஸ் தோத்தது என்னால. கொடி பிடிச்சவர் ஒரு தப்பும் பண்ணலை," என்றார்.

பெஞ்சில் இருந்தவர் டம்ளரைக் கீழே வைத்தார். "வக்கீலே தன் வாயால ஒத்துக்கினாரு. அப்போ கொடி புடிச்சவரு மேல தப்பு இல்ல."

"சட்டப்படி இதுக்கு மதிப்பே இல்ல சார்," என்றேன், திரும்பும் வழியில்.

"இருக்கட்டும் லலிதா. அந்தம்மா நாளைக்குத் தண்ணி எடுக்கப் போகணுமே."

அவர் வீட்டார் எனக்குத் தர முன்வந்த அவருடைய சட்டப்புத்தகங்களை வேண்டாமென்று சொல்லிவிட்டேன். கட்சிக்காரரின் ஊர் நடுவே நின்று, தோல்வி தன்னுடையது என்று சொன்ன ஒரே வக்கீலைப் பார்த்திருக்கிறேன். அது எனக்குப் போதும். அதற்காக அந்த வழக்கை மன்னித்துவிட்டேன் என்று யாரும் எண்ண வேண்டாம்.