அசையாத பை

இரத்தத்தை உறைய வைக்கும் சிறுதட்டுகளை, அதாவது பிளேட்லெட்டுகளை, அசையாமல் விட்டால் அவை கெட்டுப்போகும். அதனால் அவற்றை மஞ்சள் திரவமாகப் பிரித்தெடுத்துப் பைகளில் அடைத்து, ஓயாமல் மெல்ல ஆடும் தட்டில் அடுக்கி வைப்போம். நான் இரத்த வங்கியில் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில், நுவரெலியாக் குளிர் எட்டாத அறை அது ஒன்றுதான். காலையில் ஒவ்வொரு பையையும் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பிப் பார்ப்பேன். உள்ளே புகை போல மினுமினுத்துச் சுழன்றால் அவை நலமாக இருக்கின்றன என்று அர்த்தம்.

அன்று ஜன்னல் வரை மூடுபனி வந்திருந்தது. ஒரு பையில் மட்டும் சுழற்சியே இல்லை. திருப்பினேன், தட்டினேன். அரிசி கழுவிய தண்ணீர் போலக் கலங்கிக் கிடந்தது. பையின் எண்ணைப் பதிவேட்டில் தேடிப் பார்த்தேன். அந்த வாரம் நோர்வூட்டில் நடந்த இரத்ததான முகாமில் என் அண்ணன் கொடுத்தது. ஊசி குத்தி இரத்தம் எடுத்ததே நான்தான்.

எல்லாப் பைகளுக்கும் வெள்ளையணுக்களை வடிகட்டும் வசதி எங்களிடம் இல்லை. பைக்குள் தங்கிவிடும் வெள்ளையணுக்கள் அங்கேயும் சும்மா இருப்பதில்லை. சர்க்கரையைத் தின்று, திரவத்தைப் புளிக்க வைக்கும். சிறுதட்டுகள் உருண்டையாகிச் செத்துப்போகும். ஏற்றிக்கொள்கிற நோயாளிக்குக் குளிர்காய்ச்சலும் வரலாம். ஆனால் இவ்வளவு சீக்கிரம் ஒரு பை கெட்டு நான் பார்த்ததில்லை.

டொக்டர் ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் வைத்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"யாரோடது இது?"

"எங்க அண்ணனோடது, டொக்டர்."

"இன்னைக்கே வரச் சொல்லுங்க."

நானும் குனிந்து பார்த்தேன். கண்ணுக்கு எட்டிய இடமெல்லாம் வெள்ளையணுக்கள், முற்றாதவையும் சேர்ந்து நெருக்கியடித்துக்கொண்டு.

அண்ணன் தேயிலை ஃபெக்டரியிலிருந்து நேரே பஸ் ஏறி வந்தார். சட்டையில் தேயிலைத் தூள்.

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன். என் ரத்தம் யாருக்குப் போச்சு?"

"யாருக்கும் போகலண்ணே."

"அப்ப எங்க?"

மறைக்க முடியவில்லை. காட்டினேன். அவர் பையை வாங்கி, என்னைப் போலவே வெளிச்சத்தில் பிடித்தார். வெள்ளையணுக்கள் அளவுமீறிப் பெருகிப் பையைக் கெடுத்ததை நான் சொன்னதும், அவர் முகத்திலிருந்த சிரிப்பு நின்றது.

"அப்ப இதெல்லாம் என் உடம்புக்குள்ளயும் இப்படித்தான் தின்னுகிட்டு இருக்கா, தங்கச்சி?"

பையை அவர் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, அவரை டொக்டரிடம் கூட்டிப்போனேன்.

பரிசோதனையில், மெதுவாக வளரும் இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. கொழும்புக்கு அனுப்பினார்கள். மாத்திரையிலேயே அடக்கலாம் என்றார்கள், அடங்கியும் விட்டது. அண்ணன் பழையபடி வேலைக்குப் போகிறார். இன்னும் அவருக்கு ஒரே ஒரு மனக்குறை.

"மாத்திரை முழுங்குறதுகூடப் பரவால்ல. ரத்தம் குடுக்க வராதீங்கன்னு சொல்லிட்டீங்களே, அதத்தான் தாங்க முடியல."