அக்கா வீட்டுப் புளியோதரை

தொட்டியத்தில் தாஜுதீனைப் பற்றி யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். நல்ல மனுஷன், அதிர்ந்து பேச மாட்டான், இலைக்கட்டுப் போடுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. நாற்பத்தைந்து வயது ஆளைப் பற்றி ஊருக்குத் தெரிந்தது இவ்வளவுதானா என்றால், இவ்வளவுதான். விடியலில் வாழைத் தோட்டத்தில் இலை அறுப்பான், மதியத்துக்குள் கட்டிக் கொடுப்பான், மண்டிக்குப் பின்னால் இருந்த சார்ப்பில் ஒற்றைச் சட்டியில் பொங்கித் தின்றுவிட்டுப் படுத்துவிடுவான். கல்யாணம் ஏனோ கூடிவரவில்லை. எடுத்துச் செய்ய அந்த ஊரில் பெரியவர்கள் இல்லை. தானாகப் போய்ப் பெண் கேட்கிற துணிச்சல் அவனுக்கும் இல்லை.

அவன் பிறந்தது திருச்சிராப்பள்ளியில், பாலக்கரையில். அத்தாவும் அம்மாவும் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட, அக்கா ஷரபுன்னிசாதான் வளர்த்தாள். தனக்கென்று பிள்ளை பிறந்த பிறகும் தம்பிக்குப் பரிமாறிவிட்டுத்தான் உட்காருவாள். பிழைப்புக்காக அவன் தொட்டியம் கிளம்பியபோது அவள் சொன்னது ஒன்றுதான்: "நாகூர் கந்தூரிக்கு நடந்து போறவங்க எல்லாம் நம்ம தெரு வழியாத்தானே போறாங்க. நீயும் வருஷா வருஷம் நடந்து வந்துடு. உன்னைப் பார்த்தாப்புல இருக்கும்."

முதலில் அப்படித்தான் வந்தான். பிறகு அக்கா மகள் வஹீதாவுக்கு நிக்காஹ் கூடியது. காவேரிப் பெருவெள்ளத்தில் தோட்டமெல்லாம் மண்மூடிக் கிடந்த சமயம் அது. தாய்மாமன் சீர் இல்லாமல் பந்தலில் போய் எப்படி நிற்பது? ஒரு புடவை எடுக்கக்கூட வழியில்லாத தாஜுதீன், போகாமலே இருந்துவிட்டான். வெறுங்கையோடு போயிருந்தால் மச்சான் முகத்தைச் சுளித்திருப்பார், அக்கா கொஞ்சம் அழுதிருப்பாள், அதோடு தீர்ந்திருக்கும். இந்தப் புத்தி வந்தது எல்லாம் முடிந்த பிறகு. மாமன் வந்துவிடட்டும் என்று சொல்லிச் சொல்லி அக்கா நிக்காஹ்வைத் தள்ளிக்கொண்டே போனாளாம், மாப்பிள்ளை வீட்டார் சத்தம் போட்ட பிறகுதான் சரி என்றாளாம். அது காதில் விழுந்த நாளிலிருந்து அந்தத் தெருவில் கால் வைக்க அவனுக்கு முகமில்லை.

ஆனால் நாகூர் நடையை அவன் விடவில்லை. அடுத்த வருஷத்திலிருந்து கூட்டாளிகள் இருவர் சேர்ந்துகொண்டார்கள். ஒருவர் நிஜாமுதீன், பத்து வயது மூத்தவர், அதே தோட்டத்தில் இலை கட்டுகிறவர். இன்னொருவன் பரக்கத் அலி, ஆட்டு வியாபாரி, தூங்கும்போது மட்டும் வாயை மூடுகிறவன். மூங்கிலில் பச்சைக் கொடியைக் கட்டிக்கொண்டு மூவரும் கிளம்புவார்கள். திருச்சிராப்பள்ளியில் நத்தர்வலி தர்காவில் தங்கி, வெள்ளிக்கிழமை முழுக்க ஓய்வு. துணி துவைப்பதும் கால் கொப்புளத்துக்கு எண்ணெய் போடுவதும் அங்கேதான். சனிக்கிழமை விடியலில் தஞ்சாவூர் ரோட்டைப் பிடிப்பார்கள்.

ஓய்வு நாளுக்கு அவர்களாக வைத்துக்கொண்ட வழக்கம் ஒன்று உண்டு. அன்று மூவரும் சேர்ந்து சாப்பிடக் கூடாது. அவரவர் சொந்தக்காரர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, மற்ற இரண்டு பேருக்கும் ஒரு பொட்டலம் கொண்டுவர வேண்டும். நிஜாமுதீனுக்கு ஜெயில்பேட்டையில் மகள் வீடு. பரக்கத் அலிக்குத் தென்னூரில் மாமியார் வீடு. "உனக்கென்னப்பா, இது உன் ஊரு" என்று முதல் வருஷம் அவர்கள் சொன்னபோது, "ஆமா, அக்கா வீடு இருக்கு" என்று தாஜுதீன் சொல்லிவிட்டான். சொன்னதைக் காப்பாற்ற வேண்டுமே. பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குப் போனான், அங்கே அவனைத் தெரிந்தவர் யாருமில்லை என்பதால். அம்மா மண்டபத்துப் படிக்கட்டில் பகலை ஓட்டினான். சாயங்காலம் சித்திரை வீதிக் கடையில் எட்ட நின்று புளியோதரை வாங்கினான். கடைக்காரர் தையல் இலையில் மடித்துத் தந்ததைப் பிரித்து, பச்சை வாழை இலையில் மாற்றி, நாரால் கட்டி, அக்கா கொடுத்ததாகக் கொண்டுவந்து வைத்தான். அது வருஷா வருஷம் தொடர்ந்தது.

பரக்கத் அலிக்கு அந்தப் புளியோதரை என்றால் உயிர். "தாஜு பாய், உங்க அக்கா ஐயங்கார் வீட்டுல சமையல் கத்துக்கிட்டாங்களா? பெருங்காயம் இப்படி மணக்குதே" என்பான். ஒருமுறை ஆசை தாங்காமல் அவனே பொட்டலத்தைப் பிரிக்கப் போய், முடிச்சு மேலும் இறுகி இலை கிழிந்து பாதி தரையில் கொட்டியது. அதிலிருந்து பிரிக்கிற வேலையை நிஜாமுதீன் எடுத்துக்கொண்டார். தாஜுதீன் அதை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை.

திருச்சிராப்பள்ளிக்குள் நுழையும்போதே துண்டை முண்டாசாகக் கட்டி, ஒரு முனையை முகத்தின் குறுக்கே இழுத்து விட்டுக்கொள்வான். வெயில் என்பான். சனிக்கிழமை கிளம்பும்போது பாலக்கரை வழி வேண்டாம், ஒரே புழுதி என்று வேறு வழியாக அழைத்துப் போவான். அந்த வழியிலும் புழுதிக்கு ஒன்றும் குறைவில்லை. யாரும் கேட்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாம் வருஷம், ஆடிப்பெருக்கு முடிந்த வாரம். வியாழக்கிழமை சாயங்காலம் தர்காவில் உட்கார்ந்து காலுக்கு எண்ணெய் தேய்க்கும்போது பரக்கத் அலி ஆரம்பித்தான்.

"மாமியார் வீட்டுல எல்லாரும் கல்யாணத்துக்குப் போயிட்டாங்களாம். நாளைக்கு நான் தாஜு பாயோட அக்கா வீட்டுக்கு வரேன். அந்தப் புளியோதரையைச் சுடச்சுட ஒரு தடவை சாப்பிட்டுப் பார்த்துடணும்."

தாஜுதீன் ஏற்கெனவே தேய்த்த காலுக்கே மறுபடி எண்ணெய் எடுத்தான். நிஜாமுதீன்தான் குறுக்கே வந்தார்.

"திடுதிப்புனு போய் நிக்கிறதா? காலையில அவன் போய் ஒரு வார்த்தை சொல்லட்டும். அவங்களுக்குச் சௌகரியப்பட்டா கூப்பிடுவான். இல்லாட்டி நீ என் மக வீட்டுக்கு வா."

காலையில் தாஜுதீன் கிளம்பினான். கால் பழக்கத்தில் பாலத்துப் பக்கம்தான் திரும்பியது. மெயின்கார்டு கேட் வரை போனவன் நின்றுவிட்டான். பரக்கத் அலிக்கு என்ன பொய் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வந்தவனுக்கு, அங்கே நின்றபோது வேறொன்று தோன்றியது. நிஜமாகவே போய்க் கதவைத் தட்டினால் என்ன? திட்டட்டும். மச்சான் வெளியே போ என்றால் போய்விடலாம். ஒருவேளை அக்கா, "கூட்டாளிங்களையும் கூட்டிக்கிட்டு வா" என்று சொல்லிவிட்டால்? இத்தனை நாள் சொன்ன பொய் ஒரே மதியத்தில் நிஜமாகிவிடும். அந்த ஆசை வந்த பிறகு அவனால் நிற்க முடியவில்லை. வழியில் ஒரு சீப்பு பூவன் பழம் வாங்கிக்கொண்டான். வாழைத் தோட்டத்துக்காரன் காசு கொடுத்துப் பழம் வாங்குவது அதுதான் முதல் தடவை.

தெரு அப்படியே இருந்தது. அக்கா வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது. பூட்டில் துரு ஏறியிருந்தது. எதிர்வீட்டு வாசலில் பேட்ரிசியாம்மாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவனுடைய சின்ன வயதில் கிறிஸ்துமஸ் பலகாரம் கொடுத்தனுப்பியவள். அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யாரு வேணும்?"

துண்டை இறக்கிவிட்டான். அவள் கையிலிருந்த கீரை முறத்தில் விழுந்தது.

"தாஜுவா? இப்ப வரியே தம்பி. இப்ப வந்து என்ன பண்ண?"

ஷரபுன்னிசா இறந்து இரண்டு வருஷமாகிவிட்டது. ஜுரம், நாலே நாளில் முடிந்துவிட்டது. மச்சான் மகளோடும் மருமகனோடும் பினாங்குக்குக் கப்பலேறிவிட்டார். தொட்டியம் பக்கம் எங்கோ இருக்கிறான் என்பதைத் தவிர அவனைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அந்தப் பக்கம் போன ஆள் ஒருவரிடம் சொல்லியனுப்பினார்கள், அது வந்து சேரவில்லை.

"எம்மேல கோவமா இருந்துச்சா?" என்று கேட்டான்.

"கோவமா? கல்யாணத்தன்னிக்கு அழுதா. அதுக்கப்புறம் கோவம் ஏது? பச்சைக் கொடி புடிச்சு யாரு போனாலும் அடுப்புல கெடக்குறதை அப்படியே விட்டுட்டு வாசலுக்கு ஓடியாருவா. ஒவ்வொரு மூஞ்சியாப் பார்ப்பா. 'எந் தம்பி இந்த வழியாத்தான் வருவான் பேட்ரிசியாக்கா, நடக்குறதை அவன் விடமாட்டான்'னு சொல்லுவா. கந்தூரிக்கு ஜனங்க நடந்து போற பத்து நாளும் தெனம் ஒரு தட்டு சோறு எடுத்து மூடி வெப்பா." பேட்ரிசியாம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நீ நடக்குறதை விட்டுட்டியா தம்பி?"

விடவில்லை என்று அவனால் சொல்ல முடியவில்லை. பழத்தை அவள் முறத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நடந்தான்.

ஜும்ஆவை எந்தப் பள்ளியில், எந்த வரிசையில் நின்று தொழுதான் என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது. பிறகு பார்த்தபோது ஸ்ரீரங்கத்தில், அதே படிக்கட்டில் இருந்தான். காவேரி இருகரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. பெண்கள் கும்பலாக வந்து குளித்தார்கள், ஒருத்தி தன் தம்பியைத் தலையில் குட்டித் தண்ணீரில் முக்கினாள். தாஜுதீனுக்குத் துணையென்று உலகத்தில் மிச்சமிருந்த ஒரே ஆளும் இரண்டு வருஷமாக இல்லை. அது தெரியாமல் போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் 'அக்கா நல்லா இருக்கு' என்று சொல்லியிருக்கிறான். அதை நினைத்தபோதுதான் அழுகை வந்தது. குளிக்கிற கூட்டத்தில் ஒருவர் முகம் நனைந்திருப்பதை யாரும் கவனிப்பதில்லை.

சாயங்காலம் கடைக்குப் போய்ப் புளியோதரை வாங்கினான். ஏன் வாங்கினான் என்று தெரியவில்லை. கை அதுபாட்டுக்கு இலையை மாற்றி நாரைக் கட்டியது.

தர்காவில் பரக்கத் அலி முறைத்துக்கொண்டிருந்தான். "மத்தியானம் பூரா வாசலையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன் பாய். இந்த அண்ணன் வந்து இழுத்துட்டுப் போகலேன்னா பட்டினிதான். அக்கா எப்படி இருக்காங்க, அதையாவது சொல்லுங்க."

"அக்கா மௌத்தாப் போச்சு" என்றான் தாஜுதீன். "ரெண்டு வருஷமாச்சாம். இன்னிக்குத்தான் தெரியும்."

பரக்கத் அலி தாஜுதீனின் கையிலிருந்த பொட்டலத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். போன வருஷத்துப் புளியோதரை அவன் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். எதுவோ கேட்க வாயெடுத்தவனை நிஜாமுதீன் தோளில் தட்டி உட்கார வைத்தார்.

"இன்னா லில்லாஹி... உக்காரு தாஜு. அக்காவுக்கு ஒரு பாத்திஹா ஓதிடுவோம்."

பொட்டலத்தை வாங்கி நடுவில் வைத்தார். முடிச்சைக்கூடப் பார்க்கவில்லை. கை நேராக அடியில் போய், மடிப்புக்குள் செருகியிருந்த நுனியைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தது. கட்டு அவிழ்ந்து இலை விரிந்தது. மண்டியில் இலை கிழியாமல் பிரிப்பதற்காகத் தோட்டத்தில் போடுகிற கட்டு அது. நுனி அடியில் இருக்கும் என்பது இலைக்காரனுக்கு மட்டும்தான் தெரியும். பாலக்கரைப் பெண்பிள்ளை கட்டிய பொட்டலத்தில் அதை யாரும் அங்கே தேட மாட்டார்கள். தாஜுதீன் அந்தக் கையையே பார்த்தான். இத்தனை வருஷமும் பார்த்த கைதான்.

"எப்பத்துலேர்ந்து தெரியும்ணே?"

"மொத வருஷமே."

"ஏன் கேக்கல?"

"நீயாச் சொல்லுவேன்னு இருந்தேன். கேட்டா நீ நடக்குறதையே விட்டுடுவியோன்னு பயம்."

அவர் மரியாதைக்காகத்தான் பேசாமல் இருந்தார். இருந்தாலும் அந்த நிமிஷம் தாஜுதீனுக்கு அவர் மேல் கோபம் வந்தது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் அந்தப் படிக்கட்டில் தனியாக உட்கார்ந்த பகலெல்லாம் இருந்திருக்காது. பாலக்கரைக்குக்கூடப் போயிருப்பானோ என்னவோ. கோபம் நெடுநேரம் நிற்கவில்லை. ஸ்ரீரங்கத்துக் கடைப் புளியோதரையை நடுவில் வைத்து நிஜாமுதீன் ஷரபுன்னிசாவின் பேரைச் சொல்லி ஓதினார். மூவரும் ஒரே இலையில் சாப்பிட்டார்கள். பரக்கத் அலி பெருங்காயத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

விடியலில் கொடியை எடுத்துக்கொண்டு தாஜுதீன் முன்னால் நடந்தான். எந்த வழி என்று யாரும் கேட்கவில்லை. பாலக்கரைத் தெரு வந்ததும், தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டான். பூட்டிய வாசலைக் கடக்கும்போது, முகம் நன்றாகத் தெரியும்படி அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு மெதுவாக நடந்தான்.