மணியின் வயிற்றில் கேட்ட சத்தம்

2005 வாக்கில் நடந்தது இது. அப்போது நான் விருத்தாசலத்தில் ஒரு செராமிக் யூனிட்டில் வேலை பார்த்து வந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்ரீமுஷ்ணத்தில் உறவினர் வீட்டுக் காதுகுத்துக்குப் போய்விட்டு, மிஞ்சிய கறிச்சோற்றை ஒரு தூக்கு நிறைய வாங்கி வந்திருந்தோம். எங்கள் நாய் மணி நல்ல உயரம். தட்டில் கொட்டி வைத்த மொத்தத்தையும் நாலே நிமிடத்தில் காலி செய்துவிட்டுத் தெருவில் குதியாட்டம் போட்டது.

ஒரு மணி நேரத்தில் அதன் வயிறு உப்பிக்கொண்டது. படுக்கும், எழும், திரும்பித் திரும்பி வயிற்றையே பார்க்கும். வாந்தி எடுக்க எக்கும். நுரை மட்டும்தான் வரும்.

"என்னமோ மாதிரி இருக்குதுங்க. டாக்டருகிட்ட தூக்கிட்டுப் போவலாம்" என்றாள் மனைவி.

நான்தான் எல்லாம் தெரிந்தவனாயிற்றே! "விருந்து சாப்ட்டா நமக்கும்தான் இப்புடி இருக்குது. சோடா குடுத்தா ஏப்பம் விட்டுட்டு எழுந்திரிச்சிடும்" என்று சொல்லி, வாயைப் பிடித்துத் திறந்து அரை பாட்டில் சோடாவை ஊற்றினேன். வயிறு இன்னும் ஏறியது. கால்கள் தள்ளாடின. ஈறு வெளுத்துவிட்டது.

எங்கள் பேச்சுச் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். அவளும் எங்கள் யூனிட்தான். சூளையிலிருந்து இறங்கும் கப்புகளை விரலால் சுண்டி, சத்தத்தை வைத்தே விரிசலைக் கண்டுபிடிப்பது எங்கள் இருவருக்கும் வேலை. அவள் குனிந்து, மணியின் விலாவுக்குப் பின்னால் ஒரு சுண்டு சுண்டினாள். மேளம் மாதிரி 'டொம்' என்றது.

"சோறா இருந்தா இப்புடிக் கேக்குமாண்ணே? உள்ள பூரா காத்து! நாளு முழுக்கத் தட்டிப் பாக்குற ஆளு, இதத் தட்டிப் பாக்கலியா?"

வெட்கப்பட நேரமில்லை. ஆட்டோ பிடித்துக் கால்நடை டாக்டர் வீட்டுக்கு ஓடினோம். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி முடிவில்லாமல் போய்க்கொண்டே இருந்தது. என் மடியில் கிடந்த மணிக்கு மூச்சு விட்டு விட்டு வந்தது. "கொன்னுட்டேனே" என்று வாய்விட்டே அழுதுவிட்டேன்.

டாக்டர் குழாய் விட்டுக் காற்றை வெளியேற்றினார். "நல்லவேளை, இரைப்பை முறுக்கிக்கல. முறுக்கியிருந்தா ஆபரேஷன் பண்ணாம பொழைக்காது. வயிறு உப்பி, வாந்தி வராம எக்கிச்சுன்னா வாயில எதையும் ஊத்தாதீங்க. உடனே தூக்கிட்டு வந்துடணும்" என்றார். சோடா விஷயத்தைச் சொன்னேன். அவர் குழாயைக் கழுவப் போய்விட்டார். நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

மறுநாள் அவர் சொன்னபடி கொஞ்சமாகக் கஞ்சி வைத்தேன். மணி மோந்துகூடப் பார்க்காமல், நான் வைத்தது என்பதற்காகவே நக்கிக் குடித்தது. இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு நம்பும் ஓர் உயிரிடம், தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்வதைவிடப் பெரிய துரோகம் வேறு இல்லை என்றுதான் இன்றுவரை எனக்குத் தோன்றுகிறது.