டொரிக்கா அமாயியின் பூட்டு எண்

பலாக்கா சந்தைக்குப் பின்னாலுள்ள மாவு மில்லில் டொரிக்கா கபலமுலாவுக்குப் பதினாறு வருட வேலை. எங்களுக்கு அவர் அமாயி, அதாவது அம்மா. சல்லடை கிழிந்தால் மற்றவர்கள் மாவைத் தொட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பார்கள். இவருக்குத் தெருமுனையிலேயே தெரிந்துவிடும். இயந்திரத்தின் சத்தம் ‘ஃபா’விலிருந்து ‘மீ’க்கு இறங்கிவிட்டது என்பார். உள்ளே வந்ததும் நிறுத்தச் சொல்வார். பெரும்பாலும் அவர் சொன்னதே சரியாக இருக்கும். சரியாக இல்லாத நாட்களில் யாரும் அவரிடம் அதைச் சொன்னதில்லை. எங்கள் ஊரில் பெரியவர்களிடம் அப்படிச் சொல்கிற வழக்கம் கிடையாது.

அதே காதை வைத்துக்கொண்டு பதினோரு வருடமாக ரயிலடிச் சபையின் பாடகர் குழுவை நடத்தி வருகிறார். நாங்கள் இருபத்து மூன்று பேர். நான் அடிக்குரல் பாடுகிறவன். வார நாட்களில் கருவாடு விற்கிறேன். எங்களில் பாதிப் பேருக்குப் பள்ளிக்கூடத்தில் கணக்கு ஏறவில்லை. ஆனால் எந்த மெட்டைக் கேட்டாலும் உடனே எண்ணாகச் சொல்லிவிடுவோம். டோ ஒன்று, ரே இரண்டு, மீ மூன்று, ஃபா நான்கு, சோ ஐந்து, லா ஆறு, டீ ஏழு. கரும்பலகையில் அவர் எழுதிப் போடுவதும் எண்களைத்தான். தப்பாகச் சொன்னவர் பயிற்சி முடியும்வரை நிற்க வேண்டும். எனக்கு நின்றே பாடிப் பழக்கம்.

அவருக்கும் எண்கள் பாட்டாகத்தான் நினைவில் நிற்கும். ஜொஹானஸ்பர்க்கில் வேலை செய்யும் மகளின் தொலைபேசி எண் அவருக்கு ஒரு தாலாட்டு. மில் முதலாளியின் எண் சாவு வீட்டுப் பாட்டைப்போல முடிகிறது என்று சொல்வார். எட்டும் ஒன்பதும் மேல் சுரங்கள். பூஜ்யம் வந்தால் மூச்சு விட வேண்டும்.

போன மழைக்காலத்தில் அவர் முதல் தடவையாகச் சொந்தமாக ஒரு பாட்டுக் கட்டினார். மாவுக் கூடையோடு ஆற்றங்கரையில் நின்று, வெள்ளம் வடியக் காத்திருக்கும் ஒரு பெண்ணின் பாட்டு. பதினோரு வருடமும் பிறர் கட்டிய பாட்டுகளை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர், இதை மட்டும் கரும்பலகையில் எழுதவில்லை. காரணம் இருந்தது. ஆகஸ்டு மாதப் பாட்டு விழாவில் ஒவ்வொரு குழுவும் ஒரு புதுப் பாட்டுப் பாட வேண்டும். அதற்கு முந்தின வருடம் நாங்கள் வைத்திருந்த புதுப் பாட்டைச் சந்தைச் சபைக் குழு எங்களுக்கு முன்னால் மேடையேறிப் பாடிவிட்டது. பின்னால் ஏறிய நாங்கள் காப்பியடித்தவர்களாகிவிட்டோம். நாங்கள் சுரம் எழுதி வைத்திருந்த தாள் எப்படி அங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. அந்தக் குழுவின் தலைவர் கிரெஷாம், முடிவெட்டும் கடைக்காரர், தாள் எதையும் கண்ணால் பார்த்ததில்லை என்று சத்தியம் செய்தார்.

“இனிமே தாளே கெடயாது” என்றார் டொரிக்கா அமாயி. மகள் அனுப்பிய தொடுதிரை போன் ஒன்று பெட்டியில் சும்மா கிடந்தது. பாட்டு அதற்குள் இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

சந்தை வாசலில் நீலக் குடையின் கீழ் ரீசார்ஜ் சீட்டு விற்று, போன் பழுதும் பார்க்கிறவர் ஸைனபு. இருவரும் ஒரே வயது, ஒரே தெருவில் சோளம் வறுத்துத் தின்று வளர்ந்தவர்கள். ஸைனபு பள்ளிவாசலுக்குப் போகிறவர். பாட்டு, சுரம் என்றால் காத தூரம். டொரிக்கா அமாயி மில் வேலை முடிந்து, மாவு படிந்த கையோடு தினமும் அந்தக் குடைக்குள் போய் உட்கார்ந்தார்.

“மெதுவா தொடு. குத்தாத. அது என்ன கதவா?” என்பதுதான் முதல் பாடம். பழைய பொத்தான் போனில் ஒரு தடவை மணியடித்துவிட்டு வைத்துவிடுவதே அவருக்குப் பேச்சு. ஒரு மணி என்றால் நலம், இரண்டு என்றால் நீ கூப்பிடு. புதுப் போனில் வைப்பதற்கான இடம் எது என்று பிடிபடவில்லை. முதல் வாரத்தில் மகளுக்கு ஏழு அழைப்புகள் போய், ஏழிலும் மில் ஓடும் சத்தத்தை மட்டும் கேட்டு, அம்மாவுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று அவள் பக்கத்து வீட்டுக்காரரை ஓடவைத்தாள். அடுத்தடுத்த நாட்களில் ஒலியைக் கூட்டிக் குறைக்க, விளக்குப் போட, அணைத்து வைக்க, பதிவு செய்யக் கற்றார். முதல் ஐந்து பதிவுகளில் பாட்டே இல்லை. அடிக்குரல்காரர்களைத் திட்டும் அவர் குரல்தான் இருந்தது.

“நீ வாய மூடுனாத்தான் அவங்க பாடுறது கேக்கும்” என்றார் ஸைனபு. இதை எங்களில் ஒருவர் சொல்லப் பதினோரு வருடமாகக் காத்திருந்தோம். பதிவின் தொடக்கத்தில் தேதியும் இடமும் சொல்லிவிடு, பின்னால் எது எதுவென்று தெரியும் என்பதையும் அவர்தான் சொல்லிக் கொடுத்தார்.

கடைசிப் பாடம் பூட்டு. நான் அன்று குடைக்குப் பக்கத்தில் கருவாடு கட்டிக்கொண்டிருந்தேன்.

“நாலு எண்ணு வேணும். பொறந்த வருசம் வேணாம். ஒண்ணு ரெண்டு மூணு நாலு வேணாம். எங்கயும் எழுதாத. யாருகிட்டயும் சொல்லாத.”

“புருசங்கிட்ட?”

“ஒம் புருசன் போயி ஆறு வருசம் ஆச்சே.”

“சட்டம் என்னன்னு தெரிஞ்சுக்கிட்டேன்.”

அவர் எண் போடும்போது ஸைனபு முறையாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். டொரிக்கா அமாயி திரையைத் துணியால் மறைத்துக்கொண்டார். பிறகு சோ, மீ, லா, ரே என்று மெல்ல முனகியபடி நான்கு எண்களையும் தொட்டார். தோழி சந்தோஷத்தில் பாடுகிறாள் என்று ஸைனபு நினைத்துக்கொண்டார். நான் கருவாட்டுக் கட்டை இறுக்கிக்கொண்டே ஐந்து, மூன்று, ஆறு, இரண்டு என்று நினைத்தேன். நினைக்காமல் இருக்க முடியவில்லை. பதினோரு வருடப் பயிற்சி.

அன்றிலிருந்து ஒவ்வொரு பயிற்சியிலும் அவர் எங்கள் முன்னால் நின்று, போனை நெஞ்சோடு அணைத்து, துணி போர்த்தி, முனகித் திறப்பார். இருபத்து மூன்று பேருக்கும் எண் தெரியும். அவரிடம் யார் போய்ச் சொல்வது? மேல்குரல் பெண்கள் அடிக்குரல்காரர்கள் சொல்வார்கள் என்று இருந்தார்கள். நாங்கள் சபையின் மூப்பர் சொல்வார் என்று இருந்தோம். மூப்பருக்குப் பாடத் தெரியாது, அதனால் அவருக்கு எண்ணும் தெரியாது. ஒருநாள் கூடத்தில் இருட்டாக இருந்தது என்று ஒரு பெண் அந்தப் போனைத் திறந்து விளக்குப் போட்டுத் தன் செருப்பைத் தேடினாள். வேறு தப்பு எதுவும் நடக்கவில்லை.

பாட்டை ஜூலை பன்னிரண்டாம் தேதி பதிவு செய்தோம். மூன்றாம் சரணத்தில் வெளியே மரம் ஏற்றிய லாரி ஒன்று பள்ளத்தில் மாட்டிக்கொண்டு ஹாரன் அடித்தது. எல்லாரும் பாட்டை விட்டுவிட்டு வாசலைப் பார்த்தோம். முன்பென்றால் கத்தியிருப்பார். இப்போது பதிவு ஓடுகிறதே, அதனால் முறைக்க மட்டும் செய்தார். நாலு தாளம் முழு அமைதி. பிறகு வெட்கத்தோடு அடுத்த அடியில் சேர்ந்துகொண்டோம். அந்தப் பதிவை வைத்துக்கொண்டே, இந்த இடத்தில் நிற்கக் கூடாது, நிற்கக் கூடாது என்று மூன்று வாரம் எங்களைப் பழக்கினார்.

இதற்குள் ஒரு விஷயம் யாருக்கும் உறைக்கவில்லை. டொரிக்கா அமாயி வீட்டில் மின்சாரம் கிடையாது. போனுக்குச் சார்ஜ் ஏற்ற, மில்லுக்கு எதிரிலுள்ள கடையில்தான் காலையில் கொடுத்து மாலையில் வாங்குவார். சூரியத் தகடு வைத்திருந்த அந்தக் கடை கிரெஷாமின் முடிவெட்டும் கடை. பூட்டியிருக்கிற பெட்டி யார் வீட்டில் இருந்தால் என்ன என்பது அவர் நினைப்பு. மாலையில் வாங்கியதும் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே நின்று திறந்து பார்ப்பார்.

ஆகஸ்டில் விழா. பள்ளி மைதானத்தில் பதினான்கு குழுக்கள், அறுநூறு பேருக்கு மேல். சீட்டுக் குலுக்கியதில் சந்தைச் சபை நான்காவது, நாங்கள் ஒன்பதாவது. கிரெஷாம் புதுச் சட்டையோடு மேடையேறிக் கை உயர்த்தினார். மாவுக் கூடையோடு ஒரு பெண் ஆற்றங்கரையில் வந்து நின்றாள்.

அச்சு அசலாக எங்கள் பாட்டு. இரண்டாம் சரணத்தில் நாங்கள் அரைச் சுரம் இறங்கும் இடத்தில் அவர்களும் அழகாக இறங்கினார்கள். மூன்றாம் சரணத்தில் நாலு தாளம் அப்படியே நிறுத்தினார்கள். மைதானம் மூச்சடக்கியது. ஸோம்பாவிலிருந்து வந்திருந்த தலைமை நடுவர் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். முடிந்ததும் எழுந்து, அந்த மௌனத்தில் வெள்ளத்தையே கேட்டேன் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்.

டொரிக்கா அமாயி எங்கள் பக்கம் திரும்பினார். முகத்தில் மாவு பூசியதுபோல இருந்தது. கத்தியிருந்தால் பரவாயில்லை.

“யாரு குடுத்தது?”

அவர் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்து என்னிடம் நின்றார். நான் சொன்னேன்.

“யாரும் குடுக்கல அமாயி. நீங்க போனத் தொறக்கயில எண்ணப் பாடுறீங்க.”

“எந்த எண்ண?”

“அஞ்சு, மூணு, ஆறு, ரெண்டு.”

அவர் மற்ற இருபத்திரண்டு பேரையும் பார்த்தார். எல்லாரும் தலை குனிந்து நின்றதிலேயே பதில் இருந்தது. பிறகு எதிர்ப்பக்கம், முடிவெட்டும் கடைக்காரரைப் பார்த்தார்.

“இத்தன நாளா தெரிஞ்சும் சொல்லல. நல்ல மரியாதடா ஒங்க மரியாத” என்று சொல்லிவிட்டு நடுவர் மேசைக்கு நடந்தார். நாங்கள் பின்னாலேயே போனோம்.

பாட்டு தன்னுடையது, ஆதாரம் போனில் இருக்கிறது என்றார். தலைமை நடுவர் பொறுமையானவர், திறந்து காட்டுங்கள் என்றார். டொரிக்கா அமாயி வாயை இறுக்கி மூடிக்கொண்டு எண்களைத் தொட்டார். திறக்கவில்லை. மறுபடி தொட்டார், திறக்கவில்லை. சற்று முன் நான் சொன்ன எண்ணும் உதவவில்லை; பாடாமல் அவர் விரலுக்கு எதுவும் தெரியாது. நான்காம் தடவைக்குப் பிறகு, இன்னொரு தப்பு நேர்ந்தால் காத்திருக்க வேண்டும் என்று திரை எச்சரித்தது. சத்தம் கேட்டு கிரெஷாமும் வந்து நின்று, பாவம், அவசரப்படுத்தாதீர்கள் என்றார்.

எண்ணை நான் சொல்கிறேன் என்று காதோரம் போனேன். கையால் தள்ளிவிட்டார். அவர் முன்னால் மேசையில் ஒலிவாங்கி. சுற்றிலும் சுரம் தெரிந்த அறுநூறு பேரின் காதுகள். பாடினால் ஜில்லாவுக்கே எண் தெரிந்துவிடும், பாடாவிட்டால் பாட்டு போய்விடும்.

முதுகை நிமிர்த்தி நின்றார். கிரெஷாமை நேராகப் பார்த்தபடி, முனகலாக அல்ல, முழுக் குரலில் பாடினார். சோ. மீ. லா. ரே. மைதானத்தின் பின்வரிசையில் யாரோ பழக்கதோஷத்தில் கீழ்க்குரல் சேர்த்தார்கள். போன் திறந்தது.

பதிவு ஒலிபெருக்கியில் ஓடியது. முதலில் டொரிக்கா அமாயியின் குரல்: ஜூலை பன்னிரண்டு, ரயிலடிச் சபை, அடிக்குரல்காரர்கள் கவனம். பிறகு பாட்டு. மூன்றாம் சரணம். லாரி ஹாரன். நாலு தாளம் அமைதி.

கிரெஷாம் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பாட்டு எப்படியோ காதில் விழுந்திருக்கலாம் என்று ஒத்துக்கொண்டார். “ஆனா அந்த மௌனத்துக்கு உயிர் குடுத்தது நாங்கதான்” என்றார்.

நடுவர் டொரிக்கா அமாயியிடம், அந்த மௌனம் உங்கள் யோசனையா என்று கேட்டார். ஆம் என்று சொல்லியிருக்கலாம். நாங்களாக இருந்தால் சொல்லியிருப்போம்.

“இல்லங்க ஐயா. அது லாரிக்காரரோடது. இவனுங்க வேடிக்க பாத்தானுங்க.”

சிரிப்பு ஓய நேரம் பிடித்தது. நடுவர் தான் எழுதியிருந்த தாளை எடுத்து, சந்தைச் சபையின் பெயரை அடித்தார். பாட்டு டொரிக்கா கபலமுலாவினுடையது என்று ஒலிபெருக்கியில் முழுப் பெயரோடு சொன்னார். ஒன்பதாவதாக உங்கள் முறை வரும்போது இதை நீங்களே பாடுங்கள் என்றார். முகவாயைத் தடவிக்கொண்டு, அந்த மௌனத்தை மட்டும் விட்டுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

மேடை ஏறும் முன் டொரிக்கா அமாயி எங்களிடம், மூன்றாம் சரணத்தில் நான் கையை மூடுவேன், எல்லாரும் நிற்க வேண்டும் என்றார். சரி என்றோம். நன்றாகத்தான் போயிற்று. மூன்றாம் சரணத்தில் கையை மூடினார். மேல்குரல் நின்றது, நடுக்குரல் நின்றது. நிற்கக் கூடாது, நிற்கக் கூடாது என்று மூன்று வாரம் பழக்கப்பட்ட நாங்கள் ஆறு அடிக்குரல்காரர்கள் மட்டும் அவர் கட்டிய பாட்டை அந்த மௌனத்துக்குள் நிறுத்தாமல், முழு மனதோடு பாடிக்கொண்டே போனோம்.