அண்ணிக்கு நான்தான் மூக்கு

எங்க அண்ணியோட கைப்பக்குவம் அப்படி. குழந்தைகள் காப்பகத்துல பதினாலு வாண்டுகளுக்கு மதியச் சாப்பாடு அவ சமையல்தான். பாசிப்பருப்பு, அரிசி, கேரட், கொஞ்சம் கீரை, எல்லாத்தையும் ஒண்ணாக் குழைய வேகவச்சு மேல ஒரு சொட்டு நெய் விடுவா. பல்லு முளைச்சும் முளைக்காததுங்க எல்லாம் கிண்ணத்தை நக்கிட்டுத்தான் எழுந்திருக்கும். பிள்ளைங்களைப் பாத்துக்கிற வேலை எனக்கு.

மூணு மாசத்துக்கு முன்னாடி அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்துச்சு. போனது சும்மா போகாம வாசனையையும் ருசியையும் சேத்து வாரிக்கிட்டுப் போயிடுச்சு. மல்லித்தழையைக் கசக்கி மூக்குகிட்ட வச்சாலும் ஒண்ணும் தெரியல. இன்னைக்கு வரும், நாளைக்கு வரும்னு பாத்தோம். வந்தபாடில்லை.

எங்க அண்ணனோ மாடியிலேருந்து விழுந்து இடுப்பொடிஞ்சு படுத்திருக்கான். இவ வேலையும் போச்சுன்னா வீட்டுல உலை கொதிக்காது. வெக்கத்தை விட்டுச் சொல்றேன், அந்தத் திருட்டு யோசனை என்னோடதுதான். தினம் நைசா அடுப்படிக்குள்ள போய் ஒரு வாய் தின்னு பாப்பேன். ஒரு விரல் காட்டினா உப்பு பத்தலைன்னு அர்த்தம். ரெண்டு விரல்னா தண்ணி.

நேத்து உருண்டை, அதான் ஒண்ணரை வயசுக் குண்டுப் பயல், ஆய் போய்ப் பாயெல்லாம் பூசி வச்சுட்டான். அவனைக் கழுவி, பாயைக் கழுவிட்டு அடுப்படிக்குப் போனா, கதவுகிட்டயே குப்புனு கேஸ் நாத்தம்! பருப்பு பொங்கி வழிஞ்சு அடுப்பு அணைஞ்சு கிடக்கு. அண்ணி அதை மறுபடி பத்த வைக்க லைட்டரும் கையுமா குனியுறா.

"ஐயோ அண்ணி, வேணாம்!"

பாய்ஞ்சு போய்ப் பிடுங்கினேன். சிலிண்டரை மூடி ஜன்னலைத் திறந்தேன். சுவத்துக்கு அந்தப் பக்கம் பிள்ளைங்க சிரிக்கிற சத்தம்.

"பக்கத்துலயேதான்டி நின்னேன், தெரியலையே!"ன்னு தலையில அடிச்சுக்கிட்டா.

"வாயை மூடு அண்ணி! ஒண்ணும் ஆகலல்ல? அண்ணனை நினைச்சுப் பாரு!"ன்னு நானும் அழுதுக்கிட்டே கத்தினேன்.

நாத்தம் போனப்புறம் மறுபடி சமைச்சா. நான் ஒரு விரல் காட்டினேன். வழக்கம்போல ருசி பாக்கக் காப்பகம் நடத்துற மேடம் வந்தாங்க.

"இன்னைக்கு என்னைக்கும் இல்லாத ருசிம்மா!"

சொல்லிடாதேன்னு அண்ணியைக் கண்ணாலேயே கெஞ்சினேன். படுபாவி, என் பக்கம் திரும்பவே இல்லை.

"ருசி எனக்குத் தெரியாதும்மா. வாசனையும் தெரியாது, மூணு மாசமாச்சு. இன்னைக்கு இந்தப் பிள்ளைங்களைக் கொளுத்தியிருப்பேன். வேற ஆள் பாத்துக்குங்க."

அப்பவும் என்னைக் காட்டிக் கொடுக்கல. மேடம் கையிலிருந்த கரண்டியைக் கீழ வச்சாங்க. அப்புறம், "நாளையிலேருந்து வர வேணாம்"னாங்க. அவங்களைக் குத்தம் சொல்லி என்ன செய்ய?

உருண்டை காலிக் கிண்ணத்தைத் தட்டித் தட்டி இன்னும் கேட்டான். அண்ணி கண்ணைத் துடைச்சுக்கிட்டு, சட்டியை வழிச்சு ஊட்டிவிட்டா. பாத்திரமெல்லாம் கழுவிக் கவுத்துட்டு, சிலிண்டரை இறுக்கி மூடினா.

"நல்லா மோந்து பாத்துச் சொல்லு"ன்னா.

பாத்தேன். நாத்தம் இல்லைன்னு சொன்னேன். இன்னொரு தடவை பாக்கச் சொல்லிட்டுத்தான் செருப்பை மாட்டினா.